இனாம் கதையின் கடன் கணக்கு

2024ஆம் ஆண்டு முடியும்வரை 'மனாக்கிள்ட்' என்ற நாவலை எவரும் காசில்லாமல் படிக்க முடிந்தது. ஹாரி பாட்டர் போரில் தோற்று, வால்டமோர்ட் ஆட்சியைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஊகத்தில் எழுந்த கதை. ஹெர்மயோனியையும் டிராக்கோ மால்ஃபாயையும் நடுவில் வைத்து, சென்லின்யூ என்ற பெயரில் எழுதுபவர் 2018-19இல் அதைத் தொடராக வெளியிட்டார். மூன்றரை லட்சம் சொற்களைத் தாண்டிய அந்தக் கதையைப் பல நாடுகளில் பெருங்கூட்டம் படித்தது, அழுதது, அடுத்தவர் கையில் திணித்தது. 2024இன் கடைசியில் எழுதியவரே அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்.

எதிரிகள் யாரும் புகார் கொடுத்து நடந்த காரியமில்லை இது. கதையை உயிராய் நேசித்தவர்களில் சிலர் அதை அச்சிட்டு, கெட்டி அட்டை போட்டு, பொன் எழுத்து பதித்து, பெரிய விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தார்கள். அனுமதியில்லாத இந்த விற்பனையால் சட்டச் சிக்கல் தன் தலையில் விழும் என்ற நிலை வந்ததைச் சென்லின்யூ வெளிப்படையாகவே அறிவித்தார். ஹாரி பாட்டரின் சாயலைக் களைந்து, உலகத்தையும் பெயர்களையும் மாற்றி அவர் திரும்ப எழுதிய கதை 2025 செப்டம்பரில் 'ஆல்கமைஸ்டு' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. இனாமாகக் கிடைத்ததை விற்ற சிலரால், இனாமாகப் படித்துக்கொண்டிருந்த எல்லாரும் இழந்தார்கள்.

ரசிகர் புனைவு என்கிற ஃபேன் ஃபிக்‌ஷன் உலகில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் ரசீது கிடையாது, சந்தா கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. பாத்திரங்கள்கூட மூன்றாவது ஒருவருக்குச் சொந்தம். ஆனாலும் இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் ஓயாமல் பாக்கி சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்த அத்தியாயம் எங்கே என்கிறார் படித்தவர். ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்கிறார் எழுதியவர். இவற்றில் எது உண்மையான கடன், எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்க, அச்சு மை காலத்துக்குப் போக வேண்டும்.

'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கியது. மறு ஆண்டே 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்தது. டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்டு என்ற இரு பெண்கள் நடத்திய அந்த இதழ்தான் முழுக்க ஸ்டார் டிரெக்குக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழாகக் கருதப்படுகிறது. பின்னால் வந்த எத்தனையோ இதழ்களும் ஒரே வழியில்தான் போயின. ஸ்டென்சில் வெட்டி உருட்டிய பக்கங்கள். காகிதம், மை, தபால் செலவை ஈடுகட்டும் விலை. எழுதியவருக்குச் சன்மானம் ஒரு பிரதி. லாபம் பார்த்தால் ஸ்டுடியோ வழக்குப் போடும் என்ற பயம் ஒரு பக்கம். பிரியத்தைக் காசாக்குவது கேவலம் என்ற கூச்சம் இன்னொரு பக்கம். பயம் எங்கே முடிந்து கூச்சம் எங்கே தொடங்கியது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

பணம் இல்லாத இடத்தில் கடிதம் புழங்கியது. இதழைப் படித்தவர் கதை கதையாக எடுத்து அபிப்பிராயம் எழுதி ஆசிரியருக்கு அனுப்புவார். அடுத்த இதழில் அது அச்சாகும். 'லெட்டர் ஆஃப் காமென்ட்' என்ற இந்த வழக்கம் 1930களின் அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்களிலிருந்து வந்த சொத்து. கடிதங்களுக்காக மட்டுமே நடந்த இதழ்களும் இருந்தன. எழுதியவரும் கடிதம் போட்டவரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம். இந்த மாதம் கதை தந்தவர் அடுத்த மாதம் விமர்சகர். மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் கொடைகளைப் பற்றி எழுதியபோது கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்று மூன்று கடமைகளைப் பிரித்தார். கேரன் ஹெலக்சன் 2009இல் 'சினிமா ஜர்னல்' ஆய்விதழில் அதே மூன்றையும் ரசிகர் உலகத்துக்குப் பொருத்திக் காட்டினார். அச்சு இதழ் காலத்தில் அது அப்படியே பொருந்தியது என்றுதான் சொல்ல வேண்டும். இருநூறு முந்நூறு பேர் புழங்கும் வட்டத்தில் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடிதம் என்றால் பாராட்டு மட்டும் என்றில்லை. 1973இல் பாலா ஸ்மித் 'மெனேஜரி' இதழில் ஒரு நையாண்டிக் குறுங்கதை எழுதினார். பதினைந்தரை வயதில் விண்கப்பலில் லெஃப்டினன்ட் ஆகிவிட்ட மேரி சூ என்ற பெண், எல்லாத் திறமையும் கைவரப்பெற்றவள், எல்லாரையும் காப்பாற்றிவிட்டு எல்லாரும் கண்ணீர் விடச் செத்துப்போகிறாள். எழுதுபவர் தன்னையே நாயகியாக்கி நுழைத்துக்கொள்ளும் கதைகளைப் படித்துப் படித்துச் சலித்த ஒரு வாசகியின் பதிலடி அது. சுருக்கமாகவும் சிரிப்பாகவும் இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விளைவு சிரிப்பாக இல்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் கமீல் பேகன்-ஸ்மித் ஸ்டார் டிரெக் ரசிகைகளோடு பல ஆண்டுகள் பழகி 1992இல் 'என்டர்ப்ரைசிங் விமன்' நூலை வெளியிட்டார். மேரி சூ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பெண் பாத்திரங்களைப் படைப்பதையே தவிர்த்த எழுத்தாளர்களை அவர் அதில் பதிவுசெய்திருக்கிறார். விமர்சனத்தில் உண்மை இருந்தது. அது விழுந்த இடம், சம்பளமில்லாமல் பொழுதுபோக்காக எழுதப் பழகிக்கொண்டிருந்தவர்களின் கை.

இன்று கேட்காமல் குறை சொல்வது அநாகரிகம் என்ற எண்ணம் ரசிகர் புனைவில் பரவலாக இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் குறை சொல்லாவிட்டால்தான் அக்கறையில்லை என்று பொருள். பழைய ஆட்கள் இந்த மாற்றத்தைக் கோழைத்தனம் என்கிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு; திருத்தம் கேட்டு வளர்ந்த எழுத்தாளர்கள் ஏராளம். ஆனால் திருத்தம் கேட்பதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் நம்பகமான ஒருவரிடம் படிக்கக் கொடுப்பார்கள். அவருக்கு 'பீட்டா' என்று பெயர். கதைத் தலைப்பில் பெயர் சொல்லி நன்றி தெரிவிப்பதும் வழக்கம். அந்தப் பொறுப்பை ஏற்காத வழிப்போக்கர் வெளியான கதையில் சிவப்பு மை கொட்டுவதற்கு எந்தக் கடனும் ஆதாரமில்லை.

கூட்டம் பெருத்தபோது கடிதப் பழக்கம் தேய்ந்தது. 1998இல் ஷிங் லீ தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் யார் வேண்டுமானாலும் கதை போடலாம், யார் வேண்டுமானாலும் 'ரெவ்யூ' எழுதலாம் என்று கதவைத் திறந்தது. 2002இல் அதே தளம் வயது வந்தோருக்கான கதைகளை மொத்தமாக விலக்கியது. 2007 மே மாதம் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவு நிறுவனம் ஓர் அமைப்பின் புகாரை வைத்து ஏறக்குறைய 500 கணக்குகளை முடக்கியது. புனைகதைக் குழுக்களோடு, வன்முறையிலிருந்து தப்பியவர்களின் குழுக்களும் அதில் சிக்கின. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டு, பல கணக்குகளைத் திருப்பித் தந்தது. அதே ஆண்டு ஃபேன்லிப் என்ற வணிக நிறுவனம் ரசிகர் கதைகளைக் கொண்டு காசு பார்க்கக் களமிறங்கியது. லாபம் தளத்துக்கு, வழக்கு வந்தால் பொறுப்பு எழுதியவருக்கு என்ற அதன் ஏற்பாட்டைக் கண்டு ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வர்க்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. நாவலாசிரியர் நவோமி நோவிக் அதன் நிறுவனர்களில் ஒருவர். 2009 நவம்பரில் அதன் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் இல்லை. நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. 2022இல் அங்கே படைப்புகள் ஒரு கோடியைத் தொட்டன.

எழுதுபவர் வாசகருக்கு என்ன தர வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஆர்க்கைவ் ஒரு பதிலைத் தன் படிவத்திலேயே வைத்திருக்கிறது. கதையைப் போடும்போது நான்கு விஷயங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: கோரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் தொடர்பான பாலியல் சித்திரிப்பு. இருந்தால் குறிக்கலாம். அல்லது 'எச்சரிக்கை தர விரும்பவில்லை' என்று அறிவிக்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்த கதைக்குள் எதுவும் இருக்கலாம் என்று வாசகர் புரிந்துகொண்டு நுழைகிறார். பொய் மட்டும் கூடாது. எதைப் பற்றியும் எழுதலாம், என்ன எழுதியிருக்கிறது என்று வாசலில் சொல்லிவிட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பழகிய கண்ணுக்கு இது கதையின் அதிர்ச்சியைக் கெடுக்கும் வேலையாகத் தெரியும். ஆனால் இங்கே இடையில் ஆசிரியர் குழு இல்லை, பதிப்பாளர் இல்லை, அட்டைக் குறிப்பு எழுத ஆள் இல்லை. சோறு பரிமாறுபவரே என்ன குழம்பு என்றும் சொல்லியாக வேண்டிய பந்தி இது.

இதற்கு மேல் எழுத்தாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு டேக் போடுகிறார்கள். ஒரே விஷயத்தை நூறு விதமாக எழுதிய டேக்குகளை ஒன்றோடொன்று இணைத்துத் தேடலுக்கு வழிசெய்ய 'டேக் ராங்லர்' என்ற தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டேக்கின் பிறப்பு சுவையானது. 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், உள்ளே செத்த புறா இருக்கிறது, தின்னாதே என்று எழுதிய பையைப் பிரித்துப் பார்க்கும் ஒருவன், உள்ளே செத்த புறாவைக் கண்டு, வேறென்ன இருக்கும் என்று எதிர்பார்த்தேன் எனத் தன்னையே நொந்துகொள்கிறான். 'டெட் டவ்' என்ற டேக் அங்கிருந்து வந்தது. மேலே எழுதியிருப்பதைத்தான் உள்ளே வைத்திருக்கிறேன், பிரித்துவிட்டு என்னைத் திட்டாதே என்பது அதன் பொருள். எழுதுபவர் தன் கடனை அடைத்துவிட்டார், இனிப் பொறுப்பு படிப்பவருடையது என்று கைமாற்றிக் கொடுக்கும் முத்திரை அது.

கைமாறிய பொறுப்பை வாசகர்கள் உதறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் சீனாவில் நடந்தது சாட்சி. நடிகர் ஷியாவ் ஜானை ஒரு ரசிகர் கதை சித்திரித்த விதம் அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினருக்குப் பிடிக்கவில்லை. கதையைப் படிக்காமல் விட்டிருக்கலாம். அரசிடம் கூட்டம் கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 29 அன்று ஆர்க்கைவ் முழுவதும் சீனாவில் முடங்கியது. பல்லாயிரம் கதைகள் எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். ஆத்திரமடைந்த எதிர்த்தரப்பு அந்த நடிகர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணிக்கக் கிளம்பியது. கதையை எழுதியதில் நடிகருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை இரு தரப்புமே மறந்துவிட்டன.

சரி, முடிவு? தொடராகப் போகும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் வாசகருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டா?

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தாகம் புதிதில்லை. 1950களின் முதல் பாதியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்து முடிந்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விக்கிரமன் அந்தக் கதையின் தொடர்ச்சியாகவே 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். ஆனால் கல்கியின் வாசகர் வாராவாரம் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர். விளக்கம் கேட்க அவருக்கு ஒரு பிடி இருந்தது. ரசிகர் புனைவின் வாசகர் அந்தப் பிடியை ஒருபோதும் வாங்கவில்லை. பரீட்சை, பிரசவம், வேலை, சலிப்பு எதுவும் கதையை நிறுத்தப் போதுமான காரணம். நின்றுவிட்டது என்று ஒரு வரி போட்டால் அது மரியாதை. அதற்கு மேல் கேட்பது வட்டிக்காரர் பேச்சு.

முடிவு நிஜமாகவே கடனாக இருக்கும் இடமும் உண்டு. அங்கே அதை வாய்வார்த்தையாக விடவில்லை. 2003இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் 'யூல்டைட்' பரிசுக் கதைப் பரிமாற்றத்தில் பங்கேற்பவர், அதிகம் எழுதப்படாத மூலங்களிலிருந்து தனக்கு என்ன கதை வேண்டும் என்று கேட்கிறார். தன்னால் எவற்றை எழுத முடியும் என்றும் சொல்கிறார். பொருத்தம் பார்த்து ஒவ்வொருவரிடமும் முன்பின் தெரியாத இன்னொருவரின் விருப்பப் பட்டியல் ஒப்படைக்கப்படும். குறைந்தது 1,000 சொற்களில் முழுமையான கதை எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று கதைகள் பெயரில்லாமல் திறக்கப்படும். எழுதியவர் யாரென்பது புத்தாண்டில்தான் தெரியும். முடியாதவர் கெடுவுக்குள் சொல்லி விலகலாம். அவருக்குப் பதிலாக அவசரத்துக்கு எழுத 'பின்ச் ஹிட்டர்' என்ற தன்னார்வலர்கள் காத்திருப்பார்கள். சொல்லாமல் ஓடியவர், பழைய கோரிக்கை ஒன்றுக்குக் கதை எழுதிக் கொடுத்த பிறகே மறுபடி சேர முடியும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது தண்டனையின் வடிவம். அபராதம் இல்லை, அவமானப் பட்டியல் இல்லை. கதையாக விட்டுப்போன பாக்கி கதையாகவே திரும்புகிறது, அதுவும் வேறொருவருக்கு. கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டியதில்லை, வட்டத்துக்குள் வந்தால் போதும் என்பதை ரசிகர் உலகம் தானாகவே கண்டுபிடித்திருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பின்னூட்டத்துக்கும் நீட்டிப் பார்க்கலாம். ஆர்க்கைவில் 'குடோஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. கணக்கு இல்லாத விருந்தாளியும் அழுத்தலாம், ஒரு கதைக்கு ஒருமுறை. அதைக்கூட அழுத்தாமல் போகிறார்கள் என்பது எழுத்தாளர்களின் நிரந்தரப் புலம்பல். மூன்று இரவுகள் கண்விழித்து ஒரு நாவலைப் படித்துவிட்டு விரலைக்கூட அசைக்காதவர் கஞ்சர் என்பதில் சந்தேகமில்லை. கடன்காரர் என்று சொல்ல முடியாது. பாராட்டைக் கூலியாக்கிவிட்டால் பாராட்டுக்கு மதிப்புப் போய்விடும். இத்தனை கமென்ட் வந்தால்தான் அடுத்த அத்தியாயம் என்று பணயம் வைக்கும் எழுத்தாளர்களை அந்த உலகமே மதிப்பதில்லை.

வாசகரின் கைங்கரியம் கதைக்குள் கலந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிக்கலான வழக்கு. 'ட்வைலைட்' நாவல்களின் பாத்திரங்களை வைத்து இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்டில் 'மாஸ்டர் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்ற தொடரை எழுதினார். ஆயிரக்கணக்கில் ரெவ்யூ குவிந்தது. பிறகு கதை இறக்கப்பட்டது, பெயர்கள் மாறின, 2011இல் ஆஸ்திரேலியச் சிறு பதிப்பகம் ஒன்றின் வழியாக 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆனது. எழுதியவர் இ. எல். ஜேம்ஸ். 2014இல் அதுவும் அதன் தொடர்ச்சிகளுமான மூன்று நூல்களின் விற்பனை 10 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாகப் பதிப்பாளர் அறிவித்தார். ட்வைலைட் ரசிகர்களில் பலருக்கு ஆற்றாமை. பணம் சம்பாதித்தார் என்பது மட்டும் காரணமில்லை. ஊக்கமும் கருத்தும் இலவச விளம்பரமும் கொடுத்துக் கூட்டாக வளர்த்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் சந்தைக்குப் போய்விட்டது என்ற உணர்வு.

தமிழில் இணையத் தொடர்கதை எழுதுபவர்களிடம் இதே நிகழ்வு சண்டையில்லாமல் நடக்கிறது. அவை ரசிகர் புனைவுகள் இல்லை, சொந்தக் கதைகள். ஆனால் பழக்கவழக்கம் ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று 'யூடி' (அப்டேட்) இனாமாக வரும், வாசகிகள் 'அடுத்த யூடி எப்போ சிஸ்' என்று கேட்பார்கள், கதை முடிந்ததும் இத்தனை நாளில் லிங்க் எடுக்கப்படும் என்று எழுத்தாளரே அறிவிப்பார். பிறகு அது கிண்டிலிலோ அச்சிலோ வரும். துரோகம் என்று யாரும் கூச்சலிடுவதில்லை, முதலிலேயே சொல்லியாயிற்று. ஜேம்ஸின் வாசகர்களும் இதைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று தோன்றுகிறது. வாசலில் எச்சரிக்கை எழுதுவது எந்தக் கடனோ, போகும்போது சொல்லிவிட்டுப் போவதும் அதே கடன். சென்லின்யூ பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டு நீக்கியபோது வருத்தம் இருந்தது, ஏமாற்றப்பட்ட கோபம் அவ்வளவு இல்லை.

நீக்க விரும்புபவருக்கும் இழக்க விரும்பாதவருக்கும் நடுவில் ஆர்க்கைவ் ஒரு பாதை போட்டிருக்கிறது. எழுத்தாளர் தன் கதையை 'அநாதை' ஆக்கலாம். அவர் பெயர் நீங்கிவிடும், கதை பொதுவான அநாதைக் கணக்கின்கீழ் போய்விடும், வாசகர்களின் கமென்ட்டுகள் அப்படியே நிற்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய கதை கண்ணில் பட்டுவிடுமோ என்று அஞ்சுபவர், மணமான பிறகு மறைக்க நினைப்பவர், பதினாறு வயதில் எழுதியதைப் பார்க்கவே கூசுபவர் எல்லாருக்கும் இது தப்பிக்கும் வழி. ஒருமுறை செய்தால் திரும்பப் பெற முடியாது. படைத்தவரின் உரிமைக்கும் படித்தவரின் நினைவுக்கும் இவ்வளவு சமர்த்தான சமரசத்தை அச்சுப் பதிப்புலகம் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கில் சேராத ஒருவர் 2025இல் உள்ளே வந்தார். ஆர்க்கைவில் பொதுப் பார்வைக்கு இருந்த 1.26 கோடிப் படைப்புகளை வழித்தெடுத்த தரவுத்தொகுப்பு ஒன்று, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கான தரவுகள் பரிமாறப்படும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றப்பட்டது. காப்புரிமைப் புகார் போனது, தளம் தொகுப்பை முடக்கியது. எழுத்தாளர்களின் மனம் ஆறவில்லை. பலர் தங்கள் கதைகளைக் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டினார்கள். கணக்கு வேண்டுமென்றால் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் வந்து, படித்து, குடோஸ் அழுத்திவிட்டுப் போன விருந்தாளி வாசகருக்குத்தான் முதலில் கதவடைந்தது, எடுத்துப்போனவர் அவரில்லை. பூட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பூட்ட முடியாமல் போனவை, பொதுப் பார்வையில் இருந்தபோதே அநாதையாக்கப்பட்ட கதைகள். வாசகர்களுக்காக விட்டுவைக்கப்பட்டவை அவை. பூட்டுப் போடும் அதிகாரம் எழுதியவர் கையில் இப்போது இல்லை.